புயல் இரவுக்கு ஒரு குவளை விளக்கு

புயல் ஓய்ந்து மின்கம்பிகள் சீராகும் வரை வீட்டுப் பொருள்களைக் கொண்டே விளக்கு அமைத்துக்கொள்வது ஏர்வாடி முதல் ராமேசுவரம் வரையுள்ள கடலோர ஊர்களுக்குப் புதியதன்று. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டச் சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன என்பதை நினைத்தால், கைவிளக்கின் மின்கலமும் தீர்ந்துபோகும் இரவு எந்த வீட்டுக்கும் வரக்கூடும் என்பது விளங்கும். அத்தகைய இரவில் பலரும் புட்டி மூடியில் துளையிட்டுத் திரியைச் செருகி, கைக்குக் கிடைத்த எண்ணெயை ஊற்றுகின்றனர். அது மண்ணெண்ணெயானால் விளக்கு எரிகிறது. தேங்காய் எண்ணெயானால் சற்று நேரத்தில் திரி கருகி அணைந்துவிடுகிறது.

திரியின் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே நீர்மம் தானாக மேலேறுவது நுண்புழை ஏற்றம் எனப்படும். பதநீர் ஓடும் வேகத்தில் கருப்பட்டிப் பாகு ஓடாதது போல, பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை, மிகுந்த தாவர எண்ணெய் திரியில் மிக மெதுவாகவே ஏறுவதால், சுடர் எரிக்கும் அளவுக்கு எண்ணெய் உயரத்துக்கு வந்து சேர்வதில்லை. இந்த இடரைத் தீர்க்கவே பாரிசின் கடிகாரக் கைவினைஞர் கார்செல், 1800இல், கடிகாரப் பொறியால் எண்ணெயை மேலே இறைத்துத் தரும் விளக்கொன்றை உருவாக்கினார். அகல்விளக்கோ எப்பொறியும் இல்லாமல், தட்டையாக இருப்பதனாலேயே, சுடரை எண்ணெயின் விளிம்பில் நிறுத்தி அதே இடரைத் தீர்த்துவிடுகிறது.

பழைய பள்ளிவாசல்களில் தொங்கிய கண்ணாடி விளக்குகள் இதனினும் நுட்பமானவை. குவளையில் முக்கால் பங்கு நீரை நிரப்பி, அதன்மேல் விரற்கடை அளவு எண்ணெயை ஊற்றினால், நீரினும் அடர்த்தி குறைந்த எண்ணெய் மேலே மிதக்கும். தக்கைத் துண்டுகள் தாங்கும் மெல்லிய தகரத்தின் நடுத்துளையில் குட்டைத் திரியைச் செருகி மிதக்கவிட்டால், எண்ணெய் குறையக் குறையச் சுடரும் அதனுடனேயே இறங்கும். சிறிதளவு எண்ணெயே குவளையின் விளிம்பருகே நின்று எரிவதால் வெளிச்சம் மறைவதில்லை; எண்ணெய் தீர்ந்ததும் திரியை நீர் தொட்டு, விளக்கு தானே அணைகிறது. இத்தனை எளிய காவல் ஏற்பாடு விலைகொடுத்து வாங்கும் மெழுகுவத்தியில்கூட இல்லை.

எரிபொருளின் ஆவி ஒரு பொறிக்குத் தீப்பற்றும் அளவுக்குத் திரளும் வெப்பநிலை தீப்பற்று நிலை எனப்படும். மண்ணெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். ராமநாதபுரத்துக் கோடை நண்பகல் அதற்கு வெகுதொலைவில் இல்லை. தேங்காய் எண்ணெய்க்கோ அது 200 டிகிரிக்கும் மேல். பெட்ரோலுக்கு அது உறைபனியினும் மிகத் தாழ்ந்தது என்பதால், மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் இருசக்கர வண்டியிலிருந்து பெட்ரோலை வடித்து விளக்கில் ஊற்றுவது வெடிபொருளைப் பற்றவைப்பதற்கு ஒப்பாகும்.

கடலுக்கு அப்பால் இலங்கையின் யாழ்ப்பாணத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், அரிதாகிவிட்ட மண்ணெண்ணெயைப் பஞ்சில் ஊறவைத்து, கண்ணாடியையே காற்றுத்தடுப்பாக்கி எரித்த ஜாம் போத்தல் விளக்கில் மாணவர்கள் படித்தனர். அதே தீவில், கவிழ்ந்த மண்ணெண்ணெய் விளக்குகளால் தீக்காயமுற்றோரைக் கண்ட அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையும் கனமும் தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட, உருளாத விளக்கை வடிவமைத்து, 1998இல் ரோலக்ஸ் விருது பெற்றார்.

கடலோரத்துப் புன்னையின் விதையெண்ணெய் ஒருகாலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்டது. இன்று அவ்விதைகள் பெரும்பாலும் குப்பையோடு கூட்டித் தள்ளப்படுவது வருந்தத்தக்கது. அதனினும் வருந்தத்தக்கது, திறந்த சுடரை எங்கு வைப்பது என்பதில் நிலவும் அலட்சியம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். ஆகவே எவ்வகை விளக்காயினும், எழுந்து வெளியேற இயலாத முதியவர், நோயாளி, கைக்குழந்தை ஆகியோர் படுத்திருக்கும் அறையிலும், கீற்றுக் கூரையின் அடியிலும் அதை வைத்துவிட்டு உறங்கலாகாது. அங்கு மின்கல விளக்கு மட்டுமே தகும், வீட்டில் உள்ள ஒரே மின்கல விளக்கையும் அவ்வறைக்கே ஒதுக்க வேண்டும்.