முள் ஏறி இறங்குகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் கவனியுங்கள்

ரோட்டவேட்டர் ஓட்டும்போது டிராக்டரின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. வரப்போரம் நிறுத்தினால் தானாக இறங்கிவிடுகிறது. நடவு நெருக்கடியில் இப்படி ஆனால், 'ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்' என்ற பேச்சுதான் முதலில் எழும். ஹெட்டை இறக்கி ஏற்றினால் ஆயிரக்கணக்கில் செலவு. வண்டியும் பட்டறையில் முடங்கிவிடும். ஆனால், முள் ஆடும் விதத்தைக் கவனித்தாலே கோளாறு இருக்குமிடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முள் நொடியில் துள்ளினால் அது ஒயர் கோளாறாகத்தான் இருக்கும். இன்ஜினில் உள்ள தண்ணீர் ஒரு நொடியில் சூடாகிவிடாதே! ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால், எர்த் ஒயரின் முனையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கமாக மாட்டிப் பாருங்கள்.

பளு கூடக்கூட முள் மெல்ல ஏறினால், ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். வைக்கோல் தூசி போர்வை போல அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடியுங்கள். எதிர்ப்பக்கம் அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

முள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி அலைபாய்ந்தால் தெர்மோஸ்டாட் சிக்கிச் சிக்கித் திறக்கிறது என்று சந்தேகிக்கலாம். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?' என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது தவறு. இன்ஜின் போதிய சூடு பிடிக்காவிட்டால் டீசல் முழுமையாக எரியாது. எண்ணெயில் கலந்து லைனரைத் தேய்க்கும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் கூடும். சோதிப்பது சுலபம். பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் சூடாக்குங்கள். தெர்மோஸ்டாட் மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி, பெரும்பாலும் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல், அது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாக மாற்றுங்கள். ஹெட் வேலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கடும் பளுவில் முள் திடீரென்று கீழே விழுவது. சூடு குறைந்துவிட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டிவிடக் கூடாது. தண்ணீர் மட்டம் இறங்கி, சென்சார் காற்றில் நின்றாலும் முள் கீழேதான் காட்டும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் வரை தெரியாது. உடனே நிறுத்துங்கள். நன்றாக ஆறும் வரை மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் பிளாக்கே வெடிக்கலாம்.

கேஸ்கெட் போனதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. ஆறிய இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். எண்ணெய் பால் கலந்த காபி போல மாறும். கசிவே தெரியாமல் தண்ணீர் குறையும். இவை இருந்தால் மட்டும் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

உப்புப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்கள், கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பார்கள். அதேதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்தநீரில், டிராக்டரோடு வந்த கையேடு சொல்லும் அளவு கூலன்ட் கலந்து ஊற்றலாம்.