மாட்டெருவின் சத்து எங்கே போகிறது?

மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் காணியைத் துப்புரவாக்கியதும் எழும் முதற் கேள்வி பசளை பற்றியது. யூரியா வாங்கக் கையில் காசு இல்லாவிட்டாலும், ஒன்றிரண்டு மாடுகள் உள்ள வீட்டில் எரு இருக்கிறது. ஆனால் அந்த எருவில் உள்ள சத்தில் பெரும் பங்கு பயிருக்குப் போகாமலே வீணாகிறது. அது எந்த வழியால் போகிறது என்பது உங்கள் காணி எந்தப் பிரதேசத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இழப்பு எவ்வளவு?

பயிரின் இலையையும் தண்டையும் வளர்க்கும் சத்து நைதரசன். கவனமாகப் பேணிக் காயவைத்த 1000 கிலோ மாட்டெருவில் சுமார் 10 முதல் 15 கிலோ நைதரசன் இருக்கும். அதில் பாதி போனால், 11 முதல் 16 கிலோ யூரியாவை வெளியே கொட்டியதற்குச் சமம். மாடு கழிக்கும் நைதரசனில் ஏறத்தாழப் பாதி சலத்தில்தான் இருக்கிறது. சாணத்தை மட்டும் அள்ளிச் சலத்தை விட்டுவிட்டால் அந்தப் பங்கு தொடக்கத்திலேயே போய்விடும். மாடு கட்டும் இடத்தில் வைக்கோல் அல்லது சருகு பரப்புங்கள். அது சலத்தை உறிஞ்சும். பிறகு அதையும் எருவோடு சேருங்கள்.

வன்னி: காற்றோடு போகும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவின் மேட்டுக் காணிகளில் வெயிலும் சோளகக் காற்றும் எருவை உலர்த்திவிடும். திறந்த குவியலிலிருந்து நைதரசன் அமோனியா வாயுவாக மேலே போகும். மூக்கில் ஏறும் அந்தக் காரமான மணமே சத்து வெளியேறுவதற்கு அடையாளம். நிழலில் குவித்துக் கிடுகால் அல்லது பழைய தறப்பாளால் மூடுங்கள். மணம் வந்தால் வைக்கோல், சருகு சேருங்கள். தோட்டத்தில் போட்ட எருவை அன்றே மண்ணோடு கொத்திப் புரட்டுங்கள்.

யாழ்ப்பாணம்: கிணற்றுக்குப் போகும்

வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்புகள் கொண்ட சுண்ணக்கல். பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாக மாறி, மழையோடு கீழே இறங்கி, நிலத்தடி நீரில் கலக்கிறது. நீங்கள் குடிக்கும் கிணற்றுக்கும் அதே நீர்தான் வருகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது கூடிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. எனவே எருக் குவியல் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, தாழ்வான பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். மழைக்கு முன் எருவை மொத்தமாகக் கொட்டாமல், பயிர் வளர வளரப் பிரித்துப் போடுங்கள்.

கரையோர மணல்: மழையோடு போகும்

மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கரையோர மணலில் நீர் நிற்பதில்லை. மாரிமழை ஒரு வாரம் பெய்தாலே பச்சை எருவின் சத்து வேருக்குக் கீழே போய்விடும். இங்கே நன்கு உக்கிய கூட்டெருவே நல்லது. அதில் நைதரசன் உக்கலோடு பிணைந்திருப்பதால் மெதுவாகத்தான் வெளிவரும். மரத்தைச் சுற்றி அல்லது பாத்தியில் மட்டும் போட்டு, மேலே சருகால் மூடுங்கள். மணற்பாங்கான காணியிலும் குடிநீர்க் கிணற்றை யாழ்ப்பாணத்தில் போலவே கவனிக்க வேண்டும்.

நெல் வயல்: நீர் வற்றினால் போகும்

வயலில் நீர் கட்டுவதும் வற்றுவதுமாக மாறி மாறி இருந்தால், மண்ணில் உள்ள நைதரசன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். கூட்டெருவைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிடுங்கள். அதன்பின் வயல் அடிக்கடி காய்ந்து நனையாமல் நீரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டெரு செய்யும் முறை

1. சாணத்தையும் வைக்கோல், சருகு, கிளிரிசீடியா இலை போன்றவற்றையும் அடுக்கடுக்காகப் போடுங்கள். வைக்கோலும் சருகும் நைதரசனைப் பிடித்து வைக்கும்.
2. ஈரம் அளவாக இருக்கட்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் வர வேண்டும்.
3. மழையும் வெயிலும் படாமல் மூடுங்கள்.
4. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும். அடிக்கடி புரட்டினால் அமோனியா கூடுதலாக வெளியேறும்.
5. மூன்று மாதமளவில், சாண மணம் போய், கறுத்து, உதிரியாக வந்தால் எரு தயார்.

கவனம்: இலை, சருகு சேர்க்கக் கண்ணிவெடி அகற்றப்படாத பற்றைக்குள் போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் ஓர் இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. உங்கள் சொந்தக் காணியிலும் துப்புரவாக்கிய பகுதியிலும் கிடைப்பதையே பயன்படுத்துங்கள்.

உங்கள் மண்ணுக்கு எவ்வளவு எரு தேவை என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இப்போதே பேசுங்கள்.