பற்கூச்சத்துக்கு வயதுதான் காரணமா?

ஹோம்புஷ் தமிழ்க் கடையில் வாங்கி வந்த ஐஸ்கிறீமைப் பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடும்போது, அம்மம்மா மட்டும் "எனக்குப் பல் கூசும், வேண்டாம்" என்று விலகிவிடுவார். வயது போனால் இப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிடுகிறோம்.

உண்மையில் வயது மட்டும் காரணமல்ல. பல்லின் மேற்பகுதி எனாமல் என்ற கடினமான கவசம். அதன் உள்ளேயுள்ள டென்டைனில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன. எனாமல் தேய்ந்தாலோ, முரசு விலகி வேர் வெளித் தெரிந்தாலோ, குளிரும் சூடும் புளிப்பும் அந்தக் குழாய்களிலுள்ள திரவத்தை அசைக்கின்றன. அந்த அசைவையே நரம்பு கூச்சமாக உணர்கிறது.

தேய்மானத்துக்கு எங்கள் பழக்கங்களும் காரணமாகின்றன. அழுத்தித் தீட்டினால்தான் பல் சுத்தமாகும் என்று ஊரில் உமிக்கரியால் தேய்த்த கை, இங்கே கடினமான பிரஷ்ஷையும் அப்படியே பிடிக்கிறது. அடிக்கடி குடிக்கும் தேசிக்காய்த் தண்ணீரும் மென்பானங்களும், நெஞ்செரிவோடு மேலெழும் அமிலமும் எனாமலைக் கரைக்கின்றன. சிலர் நித்திரையில் பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள். சூத்தைப் பல், வெடித்த பல், பழுதடைந்த அடைப்பு ஆகியவையும் கூச்சத்தைத் தரும்.

மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தீட்டுங்கள். புளிப்பானதைச் சாப்பிட்டால் ஒரு மணித்தியாலம் பொறுத்துத் தீட்டுங்கள். கூச்சத்துக்கான பற்பசை பலன் தரச் சில வாரங்கள் எடுக்கும்; இரண்டு நாளில் கைவிட வேண்டாம்.

குளிர் பட்டபின் வலி நீடித்தாலோ, தானாகவே வலித்தாலோ, இரவில் நித்திரையைக் கெடுத்தாலோ பற்பசையை நம்பியிருக்கக் கூடாது. நரம்பு வரை பாதிப்புச் சென்றிருக்கலாம்.

பல் வைத்தியர் என்றதும் செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறோம். பெரியவர்களின் பல் வைத்தியத்துக்குப் பொதுவாக மெடிகெயார் பணம் தராது என்பது உண்மைதான். ஆனால் மெடிகெயார் தகுதியோடு பென்ஷன் சலுகை அட்டையோ ஹெல்த் கெயார் அட்டையோ உள்ளவர்களுக்கு, நியூ சவுத் வேல்ஸ் அரச பல் மருத்துவ சேவை இலவசம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சிட்னி பல் மருத்துவமனையும் அச்சேவையைச் சேர்ந்ததே. முதலில் தொலைபேசியில் பதிய வேண்டும், காத்திருக்கவும் நேரும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அரச கொடுப்பனவு பெறும் குடும்பமானால், 2014 முதல் தனித் திட்டம் இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்கள் வலியைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். "எந்தப் பக்கத்தால் சப்புகிறீர்கள்?" என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் என்றால், பல் வைத்தியரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.