சமமல்லாத சமம்

2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையர் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடைபெற்றது. சீன வீரர் டிங் லிரென் வெள்ளைக் காய்களை ஆடினார்; சென்னையில் பிறந்த குகேஷ் கறுப்புக் காய்களை ஆடினார். அதுவரை இருவரும் தலா ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். இவ்வாட்டமும் சமநிலையில் முடிந்திருந்தால், மறுநாள் விரைவு ஆட்டங்களே வாகையரைத் தீர்மானித்திருக்கும்.

பல மணி நேரம் ஆடியபின் இருவரிடமும் அரசன், ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் ஆகியவையே எஞ்சின. (தெலுங்கு பேசும் நம் நண்பர்கள் அரசியையே மந்திரி என்பர். இப்பாடத்தில் மந்திரி என்பது மூலைவிட்டத்தில் செல்லும் காய்.) குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. ஆயினும் யானைகள் களத்தில் உள்ளவரை அந்த ஒரு சிப்பாயைக் கொண்டு வெல்வது மிகக் கடினம்.

ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் தம் யானையைக் குகேஷின் யானைக்கு எதிரே நிறுத்தினார். யானைக்கு யானை வெட்டினால் கணக்குச் சமம்தானே என்று நமக்குத் தோன்றும். பிழை அங்கேதான் இருந்தது.

குகேஷ் யானையை வெட்டினார். டிங்கின் அரசன் பதிலுக்கு வெட்டினான். உடனே குகேஷ் தம் மந்திரியை டிங்கின் மந்திரிக்கு நேரெதிரே வைத்தார். டிங்கின் மந்திரி பலகையின் மூலைக் கட்டத்தில் இருந்தது. மூலையிலிருந்து மந்திரிக்கு ஒரே பாதைதான் உண்டு, அதுவும் அடைபட்டது. வழிமறித்த மந்திரியைக் குகேஷின் அரசன் அருகிலிருந்து காத்தான். ஆகவே மந்திரிகளும் வெட்டுப்பட்டன.

இப்போது களத்தில் அரசர்களும் சிப்பாய்களும் மட்டுமே. பெருங்கூட்டத்தில் ஓர் ஆள் கூடுதலாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒருவரை இருவர் எதிர்க்கும்போது நன்றாகத் தெரியும். குகேஷின் கூடுதல் சிப்பாயும் அவ்வாறே வலிமை பெற்றது.

இறுதியில் இரு அரசர்களும் ஒரே வரிசையில், இடையே ஒரு கட்டம் மட்டும் விட்டு, எதிரெதிரே நின்றனர். அரசர்கள் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்றல் கூடாது என்பது விதி. எனவே நகரும் முறை யாருடையதோ, அவருடைய அரசனே வழிவிட வேண்டும். முறை டிங்குடையது! அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

குகேஷுக்கு அப்போது வயது 18. அதற்குமுன் இளம் வாகையராகத் திகழ்ந்த காஸ்பரோவ் 1985இல் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 22. டிங் எழுந்து சென்றபின், குகேஷ் கண்ணீர் வழிய, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் தொடக்க நிலையில் அடுக்கி வைத்தார்.