தொட்டாலே வெட்டும் கோ-கார்ட்: செகண்ட் ஹேண்ட் வண்டியின் ஸ்டியரிங்கை நிதானப்படுத்துவது எப்படி?

செகண்ட் ஹேண்டில் கோ-கார்ட் வாங்கியவர் முதல் வாரத்திலேயே சொல்லக்கூடிய புகார் இது: “மக்கா, ஸ்டியரிங்கைத் தொட்டாலே வண்டி வெட்டுது.” கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ ஓட்டுபவருக்கு அங்கேயே மெக்கானிக் இருப்பார். நாகர்கோவிலில் வீட்டு ஷெட்டில் வண்டியை நிறுத்தியிருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருப்பவரைத்தான் தேடிப் போக வேண்டும். அவரிடம் போகும் முன் கோளாறு எங்கே என்று நமக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், கார்ட்டின் இயல்பு என்ன என்று பார்த்துவிடுவோம். காரில் ஸ்டியரிங்கைச் சுமார் 15 டிகிரி திருப்பினால் முன்சக்கரம் 1 டிகிரிதான் திரும்பும். நடுவில் கியர் இருக்கிறது. கார்ட்டில் அது இல்லை. ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சின்னத் தகடு, அதிலிருந்து இரண்டு டை ராடு, அவை நேராகச் சக்கரத்தின் ஸ்டப் ஆக்ஸில் கைகளுக்குப் போகும். அவ்வளவுதான். ஆட்டோ ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் கூடவே திரும்புகிறது இல்லையா, கிட்டத்தட்ட அதே கதை. 1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினை வைத்து முதல் கார்ட்டைச் செய்தார். அப்போதிருந்து அடிப்படை எளிமை மாறவில்லை.

ஆகவே ‘காரைப் போல மெதுவாகத் திரும்பணும்’ என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் நேர்ப்பாதையில் வண்டி அங்குமிங்கும் அலைந்தால், கையை லேசாக அசைத்ததும் குதித்துத் திரும்பினால், அது இயல்பு இல்லை, கோளாறு.

கடல் காற்று செய்யும் வேலை

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு முன்சக்கரமாகப் பிடித்து இடவலமாக ஆட்ட வேண்டும். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. டை ராடின் இரு முனையிலும் உள்ள ராட் எண்ட், கிங் பின் புஷ், வீல் பேரிங், ஸ்டியரிங் தண்டின் புஷ் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தால் எது அசைகிறது என்று கையே சொல்லிவிடும்.

ஆட்டத்துக்கு நேர் எதிரான நோய் ஒன்றும் உண்டு. நம்ம மாவட்டத்தில் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கரையோரத்தில் உப்புக்காற்று. போதாததற்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. சில மாதம் ஓட்டாமல் நின்ற வண்டியில் ராட் எண்டின் உள்ளே உள்ள குண்டு துருப்பிடித்து இறுகிவிடும். தண்டு செல்லும் புஷ்ஷும் அப்படியே. விளைவு என்ன? ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் அழுத்தம் கூட்டினால் பிடிப்பு விட்டு, தேவைக்கு மேல் திரும்பிவிடும். ஓட்டுபவருக்கு அது ‘ரொம்ப சென்சிடிவ்’ என்று தோன்றும். நிஜத்தில் அது துரு.

சோதிப்பது சுலபம். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஒரே விரலால் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஒரே சீராகச் சுற்றினால் நல்லது. நடுவில் சிக்கிச் சிக்கிப் போனால் டை ராடைக் கழற்றி, எந்த இணைப்பு இறுகியிருக்கிறது என்று தனித்தனியே பாருங்கள். இறுகிய ராட் எண்டுக்கு எண்ணெய் ஊற்றி உயிர் கொடுப்பதை விட மாற்றுவதே நல்லது.

அளவு நாடா போதும்

அடுத்தது அலைன்மென்ட். மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கமாக விரிந்திருப்பது ‘டோ-அவுட்’, குவிந்திருப்பது ‘டோ-இன்’. டோ-அவுட் கொஞ்சம் இருந்தால் வளைவில் வண்டி சுறுசுறுப்பாக நுழையும். அதிகமானால் ஒவ்வொரு சக்கரமும் தன் வழிக்கு இழுக்கும். பொழுதுபோக்குக்கு ஓட்டும் கார்ட்டுக்குப் பூஜ்யத்திலிருந்து 2 மி.மீ. டோ-அவுட் வரை வைத்துக்கொண்டால் போதும்.

டயரின் நடுவில் சாக்பீஸால் ஒரு குறி, அச்சின் உயரத்தில், முன்பக்கமாக. இரண்டு குறிகளுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். வண்டியை உருட்டி அதே குறிகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் டோ. அளக்கும்போது ஸ்டியரிங் நேராக இருக்கணும், சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கணும். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. ஆளின் எடையில் ஃபிரேமே வளைந்து அளவு மாறும். சரிசெய்ய, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி இரண்டு பக்கமும் சம அளவில் திருக வேண்டும்.

கையோடு, கிங் பின்னிலிருந்து எதிர்ப்பக்கப் பின் அச்சின் முனை வரை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். அளவு கணிசமாக மாறினால் வண்டி எங்கோ மோதி ஃபிரேம் கோணியிருக்கிறது. அதை டை ராடால் சரிக்கட்ட முடியாது.

டயரையும் ஒரு பார்வை பார்க்கணும். முன் டயர் புதுசு, பின் டயர் வழுக்கை என்றால் திரும்பும்போது பின்பக்கம் வீசும். பலர் இதையும் ஸ்டியரிங் கோளாறு என்றே நினைப்பார்கள். காற்றழுத்தம் டயரில் அச்சிட்டுள்ள வரம்புக்குள், இடமும் வலமும் சமமாக இருக்கட்டும். குறைந்த அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் காற்று குழாயில் இந்தச் சின்ன டயரை மாட்டினால் நொடியில் எகிறிவிடும்.

ஓட்டையை மாற்று, வேகம் குறையும்

இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி பரபரக்கிறது என்றால்தான் ஸ்டியரிங் விகிதத்தில் கை வைக்க வேண்டும். பல கார்ட்டுகளில் தண்டின் தகட்டிலும், ஸ்டப் ஆக்ஸில் கையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருக்கும். தகட்டில் தண்டுக்கு நெருக்கமான ஓட்டை, ஸ்டப் ஆக்ஸிலில் கிங் பின்னுக்குத் தூரமான ஓட்டை. இந்த இரண்டும் ஸ்டியரிங்கை மெதுவாக்கும்.

கணக்கு எளிது. தண்டிலிருந்து ஓட்டை 50 மி.மீ., கிங் பின்னிலிருந்து 75 மி.மீ. என்று வையுங்கள். ஸ்டியரிங்கை 15 டிகிரி திருப்பினால் சக்கரம் ஏறக்குறைய 10 டிகிரி திரும்பும். அதையே 40க்கும் 90க்கும் மாற்றினால் சுமார் 6.7 டிகிரிதான். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இதற்கு ஒரு விலை உண்டு. சக்கரம் 20 டிகிரி திரும்ப முன்பு 30 டிகிரி ஸ்டியரிங் போதும், இப்போது 45 வேண்டும். குறுகிய வளைவில் கை அதிகம் வேலை செய்யும்.

ஓட்டையை மாற்றியதும் இரண்டு முனை வரையும் திருப்பிப் பாருங்கள். டை ராடு ஃபிரேமில் இடிக்கக் கூடாது. தகடும் டை ராடும் ஒரே நேர்கோட்டுக்கு வந்தால் ஸ்டியரிங் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்த நிலைக்கு முன்பே நிறுத்தும் ஸ்டாப்பர் கட்டாயம். பிறகு டோவை மீண்டும் அளக்க வேண்டும், அது மாறியிருக்கும்.

கூடுதல் ஓட்டை இல்லையா? சற்றுப் பெரிய ஸ்டியரிங் வீல் மாட்டலாம். 280 மி.மீ.க்குப் பதில் 340 மி.மீ. என்றால் அதே கோணத்துக்குக் கை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக நகரும். முழங்காலில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டப் ஆக்ஸில் கையை வெட்டி நீட்டி வெல்டிங் அடிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். ‘ஒரு பொட்டு வச்சா போதும்’ என்று யார் சொன்னாலும் சரி. அந்த வெல்டு ஓட்டத்தில் விட்டால் பிரேக் மட்டுமே மிச்சம். புது அளவில் தகடு வேண்டுமானால் லேத்தில் ஒரே துண்டாகச் செய்து வாங்குங்கள். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. நைலாக் நட்டைக் கழற்றினால் புதுசு போடுங்கள். ராட் எண்டின் வெளிப்பக்கம் பெரிய வாஷர் ஒன்று இருந்தால், குண்டு பிதுங்கினாலும் டை ராடு கழன்று விழாது.

ஓட்டிப் பார்க்க ரோடு வேண்டாம். பதிவெண் இல்லாத கார்ட்டைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்காது. வயலும் வீடுமாக நெருங்கிய நாஞ்சில் நாட்டில் காலியான தார்த்தளம் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் சுவர் இல்லாத தனியார் இடமாகத் தேடுங்கள். பெரியவர் ஒருவர் ஹெல்மெட்டோடு, முடியையும் துப்பட்டாவையும் கட்டிக்கொண்டு முதலில் ஓட்டட்டும். குறைந்த வேகத்தில் 30 மீட்டர் நேராக, பிறகு இரண்டு பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி எட்டு போடுங்கள். புறப்படும் முன் ஒவ்வொரு நட்டிலும் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அரை மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது எது தளர்ந்தது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு பிள்ளைகளை ஏற்றலாம்.