பிளாக்பர்ன் ரோவர்ஸ்: புனே முதலாளிகள் வந்த பிறகு ஒரு சாம்பியன் அணி சரிந்தது எப்படி?

நாமக்கல் முட்டை விலை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் பெயரும் கூடவே வரும். அந்தக் குழு உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர் பி.வி.ராவ். அவர் 1971-ல் தொடங்கிய கோழிக்குஞ்சு பொரிப்பகம், இன்று புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட 'வெங்கீஸ்' குழுமமாக வளர்ந்து நிற்கிறது. கோழித் தொழிலில் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

அதே குடும்பம்தான் 2010 நவம்பரில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை 2.3 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. அடுத்த ஏழே ஆண்டுகளில் அந்த அணி பிரீமியர் லீக்கிலிருந்து மூன்றாம் பிரிவு வரை இறங்கியது. பிரீமியர் லீக் கோப்பையை வென்ற ஓர் அணி அவ்வளவு ஆழத்துக்குப் போனது அதுவே முதல் முறை.

இத்தனைக்கும் முதலாளிகள் பணம் போடாமல் இல்லை. அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

பிளாக்பர்னுக்கு இந்த அணி ஏன் முக்கியம்?

பிளாக்பர்ன், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பழைய நெசவாலை நகரம். ரோவர்ஸ் கிளப் தொடங்கப்பட்டது 1875-ல். 1888-ல் கால்பந்து லீக் உருவானபோது அதில் இடம்பெற்ற 12 அணிகளில் இதுவும் ஒன்று. பல தலைமுறைகளாக ஒரே மைதானம், ஒரே அணி என்று இருந்துவரும் ஊர்.

1991-ல் ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் இரும்புத் தொழிலதிபர் கிளப்பைத் தன் பொறுப்பில் எடுத்தார். சிறுவயதிலிருந்தே அவர் ரோவர்ஸ் ரசிகர். லிவர்பூலில் பல பட்டங்கள் வென்ற கென்னி டால்கிளிஷை மேனேஜராகக் கொண்டுவந்தார். ஆலன் ஷியரரை அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகைக்கு வாங்க பணம் கொடுத்தார். 1995-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தி பிரீமியர் லீக் கோப்பை பிளாக்பர்னுக்கு வந்தது.

வாக்கரும் காசை வாரி இறைத்த முதலாளிதான். ஆனால் அணியை நடத்தும் வேலையை அது தெரிந்தவரிடம் விட்டார். 2000-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய குடும்ப அறக்கட்டளை கிளப்பை நடத்தியது. அதனிடமிருந்துதான் வெங்கீஸ் வாங்கியது.

வெங்கீஸ் முதலில் செய்தது என்ன?

வாங்கி ஒரு மாதம்கூட முடியவில்லை. 2010 டிசம்பர் 13 அன்று மேனேஜர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். அப்போது அணி 20 அணிகள் கொண்ட பட்டியலில் 13-வது இடத்தில் இருந்தது. பார்க்க அழகான ஆட்டம் இல்லைதான். ஆனால் குறைந்த செலவில் ஒரு அணியை பிரீமியர் லீக்கில் தக்கவைப்பதில் அலர்டைஸ் கைதேர்ந்தவர்.

அவர் இடத்துக்கு வந்தவர் அதே அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் கீன். அதுவரை எந்த அணிக்கும் அவர் மேனேஜராக இருந்ததில்லை. தற்காலிகப் பொறுப்பு என்று சொன்னார்கள், சில வாரங்களில் நிரந்தரமானது. அடுத்ததாக, உலகப் புகழ்பெற்ற பிரேசில் வீரர் ரொனால்டினோவைக் கொண்டுவர முயற்சி நடந்தது. அவர் வரவில்லை. 2011 பிப்ரவரியில், பல ஆண்டுகள் கிளப்பை நிர்வகித்த தலைவர் ஜான் வில்லியம்ஸ் வெளியேறினார்.

போட்டிக்கு முன்பு வீரர்கள் வெங்கீஸ் சிக்கன் சாப்பிடுவது போன்ற விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது. 'இவங்களுக்கு நாம கால்பந்து கிளப்பா, கோழி விளம்பரமா?' என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

எச்சரிக்கை யாரும் கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள். 2011 டிசம்பரில், கிளப்பின் துணைத் தலைமை நிர்வாகி பால் ஹன்ட் முதலாளிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். மேனேஜரை மாற்ற வேண்டும், ரசிகர்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்பது அதன் சாரம். கடிதம் பல மாதங்கள் அப்படியே கிடந்தது. 2012 மே 7 அன்று சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகன் அணியிடம் 1-0 என்று தோற்று, 38 போட்டிகளில் 31 புள்ளிகளோடு ரோவர்ஸ் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அன்று கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது.

கடிதம் ஊடகங்களில் கசிந்ததும் வேலை போனது ஹன்டுக்குத்தான். கீன் பதவியில் நீடித்தார். செப்டம்பர் இறுதியில் அவரே ராஜினாமா செய்தார்.

ஒரே சீசனில் எத்தனை மேனேஜர்?

2012-13 சீசனில் நடந்ததைப் பார்த்தால் தலை சுற்றும். கீனுக்குப் பின் எரிக் பிளாக் தற்காலிகமாக வந்தார். பிறகு முன்னாள் வீரர் ஹென்னிங் பெர்க். 10 போட்டிகள், 57 நாட்களில் நீக்கம். பிறகு கேரி போயர் தற்காலிகமாக. அடுத்து மைக்கேல் ஆப்பிள்டன், 67 நாட்கள். திரும்பவும் போயர்.

பெர்க் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனார். அவருடைய ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனையை ஏற்க நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என்று கிளப் தரப்பு வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை, 22.5 லட்சம் பவுண்டு கொடுக்க உத்தரவிட்டது. கிளப்பில் யார் எதற்குப் பொறுப்பு என்பதே கிளப்புக்குத் தெரியவில்லை என்பது வெட்டவெளிச்சமானது. நிர்வாக இயக்குநர் ஒரு பக்கம், மலேசியாவிலிருந்து வந்த 'உலக ஆலோசகர்' ஷெபி சிங் இன்னொரு பக்கம், கடைசி முடிவு புனேயில் என்று மூன்று திசையில் கயிறு இழுபட்டது.

பணம் போட்டும் ஏன் சரியாகவில்லை?

வெங்கீஸ் இதுவரை இந்தக் கிளப்பில் போட்ட பணம் சுமார் 20 கோடி பவுண்டு. இன்றைய மதிப்பில் 2,000 கோடி ரூபாய்க்கும் மேல். இரண்டாம் பிரிவில் பெரும்பாலான கிளப்புகள் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன. முதலாளி ஆண்டுதோறும் பணம் அனுப்பாவிட்டால் சம்பளமே போட முடியாது. அந்தப் பணத்தை வெங்கீஸ் அனுப்பியது. இளம் வீரர்களுக்கான அகாடமியை உயர்தரத்தில் வைத்திருந்தது. இதை அவர்களுடைய எதிர்ப்பாளர்களும் மறுப்பதில்லை.

ஆனால் தொடக்கத்திலேயே விஷயம் தெரிந்தவர்களை அனுப்பிவிட்டதால், போட்ட பணத்தில் கணிசமான பகுதி பழைய தவறுகளை அடைக்கவே போனது. பிரீமியர் லீக்கில் இருந்தால் தொலைக்காட்சி உரிமையிலேயே பெரும் வருமானம் வந்துவிடும். கீழே இறங்கியதும் அது வற்றிப்போகும். ரசிகர் கூட்டமும் குறைந்தது. 31,000 பேர் அமரும் மைதானம் பாதிகூட நிரம்பவில்லை. 2017 மே மாதம், கடைசிப் போட்டியில் வென்றும் கோல் வித்தியாசத்தில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள்.

அங்கே ஒரு மாற்றம் நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்திருந்த மேனேஜர் டோனி மோப்ரேவை, அணி இறங்கிய பிறகும் முதலாளிகள் நீக்கவில்லை. அடுத்த ஆண்டே அணி இரண்டாம் பிரிவுக்குத் திரும்பியது. மோப்ரே 2022 வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தலையிடாமல் விட்டபோது அணி நிலைத்து நின்றது.

இப்போது என்ன சிக்கல்?

அண்மைக் காலத்தில் சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியது தொடர்பாக அமலாக்கத் துறை விசாரணை நடத்த, கிளப்புக்குப் பணம் அனுப்புவதற்கே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டிய நிலை ஏற்பட்டது. விசாரணை என்பதாலேயே தவறு நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் டெல்லியில் வழக்குத் தேதி தள்ளிப்போனால் பிளாக்பர்னில் வீரர் வாங்கும் திட்டம் தள்ளிப்போகும் என்ற விசித்திர நிலை வந்தது.

2024-ல் உள்ளூர்ப் பையன் ஆடம் வார்ட்டன் கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு விற்கப்பட்டார். 2025 பிப்ரவரியில், அணி பட்டியலின் மேல்பகுதியில் இருந்தபோதே மேனேஜர் ஜான் யூஸ்டஸ் கிளம்பிப் போனார். அவர் போன இடம், அதே பிரிவில் கடைசி இடங்களில் தவித்துக்கொண்டிருந்த டார்பி கவுன்ட்டி.

ரசிகர்களால் என்ன செய்ய முடியும்?

பிடிக்காத சோப்பை மாற்றலாம், பிடிக்காத கடைக்குப் போகாமல் இருக்கலாம். அப்பா, தாத்தா காலத்து அணியை மாற்ற முடியாது. முதலாளிக்கு இது ஒரு சொத்து, ஊருக்கு இது அடையாளம். சட்டப்படி முடிவெடுப்பவர் முதலாளி மட்டுமே.

ஜெர்மனியில் '50+1' விதி உண்டு. சில விதிவிலக்குகள் தவிர, வாக்குரிமையில் பெரும்பான்மை கிளப் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான், 2012-ல் கார்டிஃப் சிட்டி அணியின் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். ரசிகர்கள் போராடி 2015-ல்தான் நீலம் திரும்பியது.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. முதலாளிகளின் தகுதியைச் சோதிப்பது, கிளப்பின் நிதிநிலையைக் கண்காணிப்பது, முக்கிய விஷயங்களில் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வைப்பது அதன் பணிகள். சின்னத்தையும் சட்டை நிறத்தையும் முதலாளி இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

ஆனால் 13-வது இடத்தில் இருக்கும் அணியின் மேனேஜரை ஒரே மாதத்தில் நீக்குவதை இந்தச் சட்டமும் தடுக்காது. பிளாக்பர்னின் சரிவு தொடங்கியது அந்த முடிவில்தான். அதுபோன்ற முடிவை எடுக்கும் முன் கால்பந்து தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதா வேண்டாமா என்பது இன்றும் முதலாளியின் விருப்பம்தான்.