கோட்டை எங்கே?

சென்ற விடுமுறையில் கம்பைநல்லூர்ப் பிள்ளைகள் சிலரை அதியமான்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ளது அவ்வூர். அயர்லாந்து நாட்டுக் கற்கோட்டைகளைப் படத்தில் பார்த்திருந்த ஒரு சிறுவன், "கோட்டை எங்கே, ஐயா?" என்று கேட்டான். கரைந்து மேடாகிவிட்ட மண்மதிலைக் காட்டினேன். அவன் முகம் வாடிற்று.

சென்றாயப் பெருமாள் கோயிலில் இராமாயண, பாரத ஓவியங்களைக் கண்டபின் சற்றுத் தேறினான். அப்போது சொன்னேன்: "தம்பி, அதியமானின் தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வென்றான். அரசு போயிற்று; மதிலும் கரைந்தது. ஆனால் 1981ஆம் ஆண்டில், தென்பெண்ணையாற்றை அடுத்த ஜம்பையில், குகைப் பாறையொன்றில் தமிழ் பிராமி எழுத்துக் கண்டெடுக்கப்பட்டது. சத்தியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி துறவிகளுக்கு அளித்த உறைவிடம் அது என்று அவ்வெழுத்துக் கூறுகிறது. அசோகரின் கல்வெட்டுக்கள் குறிக்கும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அதற்கு விடை அந்த ஒரு வரியில் கிடைத்தது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் அல்லவா? தன்னைக் காக்கக் கட்டிய மதில் நில்லாவிடினும், பிறருக்குக் கொடுத்த கொடை அவன் பெயரைக் காத்தது."

திரும்புகையில் அச்சிறுவன் அம்மேட்டின்மேல் கால் வைக்காமல் ஒதுங்கி நடந்தான்.